பச்சைக் கார் மறுபடி ஒழுகுகிறது

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. இவருடைய கால்சட்டை இரண்டும் எண்ணெய் நாற்றத்தோடு அடுப்படிக் கொடியில்.

ஜவுளிக்கடை முதலாளி இன்னொரு கட்டுத் துணி அனுப்பிவிட்டார். மெர்டேக்காவுக்குள், இந்த மாசக் கடைசியில் வரும் சுதந்திர நாளுக்குள், புது நாட்டுக் கொடிகள் எல்லாம் தைத்துத் தர வேண்டுமாம். கோடு தைப்பது சுலபம். நட்சத்திரம்தான் உயிரை வாங்குகிறது. பதினோரு முனை. எந்த மகராசன் யோசித்தானோ.

பத்து மணி வாக்கில் பச்சைக் காரின் சத்தம். மெஷினை நிறுத்தினேன். விசில் அடித்துக்கொண்டே வரும் கார் அது; இந்தக் காஜா பேராங் ரோட்டில் வேறு எதற்கும் அந்தச் சத்தம் கிடையாது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். பேசுவது எல்லாம் கேட்கும்.

"மிஸ்டர் மாணிக்கம், திரும்பவும் எண்ணெய் ஒழுகுது."

பத்து வருஷமாக நான் வாய் திறந்து சொல்லாத பெயர். அவள் தண்ணீர் குடிப்பது போல் சொல்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர். சிலோன்காரி. கல்யாணம் ஆகவில்லை. தானே கார் ஓட்டுகிறாள். இனி இதில் லே.டா. என்று மட்டும் எழுதுவேன். அவளுக்காக மையை வீணாக்குவானேன்.

இவர் சாப்பாட்டுக்கு வரும்போது மணி மூன்று. கருவாட்டுக் குழம்பு ஆறிப்போயிருந்தது. "நல்லாருக்கு" என்றார். என்ன குழம்பு என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.


ஆகஸ்ட் 8, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. கொடி ஒன்பது முடிந்தது.

பச்சைக் கார் இன்னும் கொட்டாயில். இவர் அதற்கு அடியில். கால் இரண்டு மட்டும் வெளியே தெரிகிறது.

முதலில் ஒரு தோட்டத்துத் துரையின் கார் அது. அவன் சீமைக்குப் போகும்போது லே.டா.வுக்கு விற்றுவிட்டான். பந்தயத்தில் ஓட்டுவதற்காக எஞ்சினில் புளோவர் என்று ஒன்று மாட்டி வைத்திருக்கிறான். அதுதான் விசில் அடிக்கிறது. இவர் எனக்கு விளக்கினார்:

"சாதா எஞ்சினு தானா காத்த இழுக்கும் புள்ள. இதுல புளோவரு காத்த ஊதி உள்ள தள்ளும். அதனாலதான் அந்த வேகம். ஊதுற காத்துல கொஞ்சம் பிஸ்டன் ரிங்கத் தாண்டி கீழ எண்ணெய்ப் பக்கம் எறங்கிடும். எறங்கின காத்து சும்மா இருக்குமா? எங்க வீக்கோ அங்க எண்ணெயத் தள்ளிவுட்டுடும்."

கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

முதல் தடவை வந்தபோது அடியில் இருக்கும் எண்ணெய்ச் சட்டியின் கேஸ்கட் மாற்றினார். ஒழுகியது. மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கார்க் மாற்றினார். ஒழுகியது. அப்புறம் பின்பக்கக் கார்க். அதற்குக் கியர்பெட்டியையே இறக்க வேண்டும். சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். வைகாசி போய் ஆனியும் போயிற்று. கார் எங்கள் கொட்டாயில் கட்டை மேல் ஏறி நின்றது. அந்த நாட்களில் நான் நிம்மதியாக இருந்தேன். கார் இங்கே, அவள் அங்கே.

சாமான் வந்து மாட்டிய பிறகு முன்னைவிட மோசம். அதிலிருந்து வாரம் தவறாமல் வருகிறாள். துடைக்கிறார், முடுக்குகிறார், கார்க் மாற்றுகிறார். போகிறாள். வருகிறாள்.

ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். இன்று தெங்கேரா வரை. அவள் ஓட்ட, இவர் பக்கத்தில். அந்தக் காரில் இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்றாவதாக ஒரு பூனைகூட உட்கார முடியாது. திரும்பி வர ஒரு நட்சத்திரம் தைக்கும் நேரம் ஆயிற்று. தலைமுடி எல்லாம் காற்றில் பறந்து, சிரித்துக்கொண்டே இறங்கினாள். இவரும் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. எரிந்தது.

ஊசி முறிந்தது. இரண்டு ஊசி வாங்க வேண்டும்.


ஆகஸ்ட் 11, ஞாயிறு

செங் தோட்டத்திலிருந்து அண்ணி வந்தார். இவருடைய அக்கா. வாழைத்தார், மரவள்ளிக் கிழங்கு, ஒரு கோழி. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு நேரே என் வயிற்றைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

"இன்னும் ஒண்ணுமில்லயா புள்ள?"

"இல்ல அண்ணி."

"பத்து வருசம் பாத்தாச்சு. நான் ஒன்னைய கொறை சொல்லல. என் தம்பிக்கும் வயசாவுதுல்ல? எங்க ரப்பர்த் தோட்டத்துல கித்தா மரத்துல பால் வெட்டுற ஒரு குடும்பம், நல்ல மாதிரி. பொண்ணு அடக்கமா இருக்கா. நீயும் அவளும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்துக்கலாம். தீவாளி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல நானே போய் பேசிருவேன்."

கோழியை அறுத்துக்கொண்டிருந்தேன். கத்தி கையில் இருந்தது நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியவில்லை.

இவர் வாசலில் நின்று ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டது. "அக்கா, நீ சும்மா இரு" என்றார். அவ்வளவுதான். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் துடைத்த ஸ்பானரையே எத்தனை நேரம் துடைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது அண்ணி: "இல்லாட்டி ஒண்ணு செய்யி. அந்த டாக்டரம்மாகிட்டயே போயிக் காட்டு. வாசலுக்கே வந்துட்டுப் போவுதுல்ல?"

அவளிடமா? அவள் முன்னால் போய்ப் படுத்து, என் குறையை அவளிடம் காட்டி, அவள் அதையும் சிரித்துக்கொண்டே கேட்டு... செத்தாலும் மாட்டேன்.

தோட்டத்துப் பெண்ணைப் பற்றி இரவு வரை நினைக்கவில்லை. லே.டா.வைப் பற்றித்தான் நினைத்தேன். முகம் தெரியாதவள் மேல் பொறாமைப்பட முடியவில்லை போலிருக்கிறது.

பாக்கி: நூல்கண்டு, மஞ்சள் துணி, பசாரில் வெங்காயம்.


ஆகஸ்ட் 14, புதன்

மப்பு. மழை இல்லை.

நேற்றுத்தான் கொண்டுபோனாள். இன்று மறுபடியும் கொண்டுவந்து விட்டுவிட்டு, ரிக்‌ஷா ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும் முன் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, சுகமா இருக்கிறியளோ? கொடி எல்லாம் நல்ல வடிவாத் தைக்கிறியள். உங்கட மனுசன் இல்லாட்டி என்ர கார் ஓடாது."

உங்கட மனுசனாம். சிரித்து வைத்தேன். வெள்ளைச் சேலை, ஒரு சுருக்கம் இல்லை. என் கையில் விரலெல்லாம் நீலச் சாயம்.

மத்தியானம் ஆ லியோங் வந்தான், தெங்கேராவில் பட்டறை வைத்திருக்கும் சீனன், சக்கரம் கழற்றும் புல்லர் இரவல் கேட்டு. பச்சைக் காரைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்தான். கதை முழுக்கக் கேட்டான். பிறகு:

"லுபாங் அங்கின் சுடா தெங்கோ?"

காற்றுத் துளையைப் பார்த்தாயா என்று. சிகரெட்டாலேயே காட்டினான். எஞ்சின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் வளைந்து தரைப் பக்கம் இறங்குகிறது. எண்ணெய்ப் பக்கம் இறங்கும் காற்று அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டுமாம். அது அடைத்துக்கொண்டால் எந்தக் கார்க் போட்டாலும் நிற்காது, எண்ணெய் எல்லாப் பக்கமும் பிதுங்கும் என்றான். புளோவர் வைத்த எஞ்சினுக்கு முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்றான்.

"சுடா, சுடா" என்றார் இவர். பார்த்தாயிற்று, பார்த்தாயிற்று.

இவர் பொய் சொன்னால் காது மடலைத் தேய்ப்பார். அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். தேய்த்தார்.

ஆ லியோங் புல்லரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் பலகைச் சுவரின் இந்தப் பக்கம் நின்றபடியே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

எதற்குப் பொய்? இவருக்குத் தெரியாத வேலையா? ஊரில் பாதி லாரி இவர் கைபட்டு ஓடுகிறது. ஒழுகட்டும் என்று விட்டு வைத்திருக்கிறார். ஒழுகினால்தானே வருவாள்.


ஆகஸ்ட் 16, வெள்ளி

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். காரை ஏதும் செய்யவில்லை. சும்மா சுற்றிச் சுற்றி வந்தார். மூன்று மணிக்குச் சட்டை மாற்றி வேட்டி கட்டினார். "கார்க்கு வாங்கப் போறேன். அப்படியே ஓட்டிப் பாத்துட்டு வரேன்." காரிலேயே போனார்.

நான் குளித்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று கோயிலுக்கு. ஜாலான் துக்காங் எமாஸ் முனையிலேயே தெரிந்துவிட்டது. கோயில் வாசலில் பச்சைக் கார். முன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். மூடியில் சந்தனம். ஒரு பக்கம் லே.டா., ஒரு பக்கம் இவர். குருக்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து விபூதி கொடுத்தார்.

பக்கத்தில் பூ விற்கிற பெண் ஊருக்குப் புதிசு. "புதுசாக் கல்யாணம் ஆனவங்களாக்கா? கார் வாங்கிருக்காங்க போல" என்று என்னிடமே கேட்டாள்.

"ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. பூ வாங்கவில்லை. உள்ளே போகவில்லை. பிள்ளையாரைத் தெருவிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் வேட்டியும் சேலையும் பச்சைக் காரும்தான் கண்ணில்.

வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"டாக்டரம்மாதான் பூசை போட்டுப் பாப்பம்னாங்க."

"நீங்க எதுக்கு?"

"வண்டி என்கிட்ட இருக்கு. நான்தான கொண்டுபோயி விடணும்?"

 நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் ஆத்திரம். உப்பு அதிகம் போட்டு ரசம் வைத்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தார்.


ஆகஸ்ட் 17, சனி

இவர் காலையிலேயே மூவார் ரோட்டுக்குப் போய்விட்டார், லாரி ஒன்று நடுவழியில் நிற்கிறதாம். பட்டறையில் யாரும் இல்லை. பச்சைக் கார் இருந்தது. நான் இருந்தேன்.

சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். சேலை கெட்டது. ஆ லியோங் காட்டிய குழாயைக் கண்டுபிடித்துவிட்டேன். அதன் வாயில் விரல் வைத்தேன். மண். கல் மாதிரி.

குளவிக் கூடு.

கையை எடுத்துவிட்டேன். சுட்டாற்போல் எடுத்தேன். குளவி கூடு கட்டினால் அங்கே பிள்ளை பிறக்கும். நம் சனத்தில் இது தெரியாதவர் உண்டா? கதவு இடுக்கில் கட்டினால் கதவைச் சாத்தாமல் விடுவார்கள். மாடத்தில் கட்டினால் விளக்கை வேறு இடத்தில் வைப்பார்கள். யாரும் கலைக்க மாட்டார்கள். பத்து வருஷத்தில் என் வீட்டு மூலை முடுக்கு எல்லாம் நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு குளவி எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு இந்தக் கார்தான் கிடைத்திருக்கிறது. அவளுடைய கார்.

 சாக்கில் படுத்தபடியே எல்லாம் விளங்கியது. இவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் தொடாமல் விட்டிருக்கிறார். அவள் காரில் கட்டிய கூடு, அவளுக்குப் பிள்ளை. யாரால்? அதற்குத்தான் பூசையா? அதற்குத்தான் கார்க்கு மேல் கார்க்கா?

எழுந்து போனேன். வேலைமேஜையில் கம்பி இருந்தது. எடுத்து வந்தேன். இரண்டாம் தடவை யோசிக்கவில்லை. குத்தினேன். முதலில் அசையவில்லை, எண்ணெய் குடித்து இறுகிப் போயிருந்தது. திருகித் திருகிக் குத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினேன். இப்படி ஒரு ஆங்காரம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. பொலபொலவென்று மூஞ்சியில் கொட்டியது.

மண்ணை முறத்தில் அள்ளினேன். உள்ளே அறை அறையாக. ஒவ்வொன்றிலும் புழு. எல்லாம் கருகி, சுருண்டு, கொட்டிய சீரகம் போல். எஞ்சின் சூட்டில் எப்போதோ செத்திருக்கிறது. ஒன்றுகூட உயிரோடு இல்லை.

கொல்லைச் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். குளித்தேன். சேலையை ஊற வைத்தேன். நட்சத்திரம் இரண்டு தைத்தேன், இரண்டும் கோணல். பிரித்தேன்.


ஆகஸ்ட் 19, திங்கள்

ஒன்றும் தெரியாதவர் போல் இவர் மேல்மூடிக் கார்க்கை இன்னொரு தடவை மாற்றினார். குழாய்ப் பக்கம் போகவே இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லே.டா. வந்து எடுத்துப் போனாள். மறுபடி ஒழுகினால் நான் நினைத்தது தப்பு. ஒழுகாவிட்டால் நினைத்தது சரி, தெரிந்தேதான் அடைப்பை விட்டு வைத்திருக்கிறார். ஒழுகக் கூடாது என்றும் ஒழுக வேண்டும் என்றும் இரண்டு மாதிரியும் வேண்டிக்கொண்டேன். பைத்தியக்காரி.

தலைவலி. சுக்குக் காப்பி.


ஆகஸ்ட் 23, வெள்ளி

தெருவெல்லாம் தோரணம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புதுப் பாட்டுப் பழகுகிறார்கள். காலையிலிருந்து அதே நாலு வரி.

வாரம் முழுக்க விசில் சத்தம் இல்லை. இன்று வந்தாள். பிஸ்கட் டின்னோடு, நேரே பின்பக்கம், என்னிடம்.

"அக்கா, ஒரு சொட்டு இல்லை! போர்ச் தரையில கடதாசி விரிச்சு வச்சுப் பாத்தனான். துப்புரவா நிண்டுட்டுது. உங்கட மனுசன்ர கை வித்தைதான்."

டின்னை வாங்கிக்கொண்டேன். இவர் வாசற்படியில் நின்றார். முகம் வெளுத்துவிட்டது. நேரே காருக்குப் போனார், சாக்குகூடப் போடாமல் தரையில் படுத்தார். உள்ளே போனவர் வரவில்லை. லே.டா. குனிந்து "என்ன மிஸ்டர் மாணிக்கம், ஏதும் பிழையோ?" என்று கேட்டாள். "இல்லம்மா, எல்லாம் சரியா இருக்கு, எல்லாம் சரியா இருக்கு" என்று அடியிலிருந்து குரல். 

அவள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "இங்க வாயேன் புள்ள." கண் சிவந்திருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தயாராகத்தான் போனேன், கேட்க எனக்கும் நிறைய இருந்தது.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லல. சொன்னா பலிக்காதுன்னு பயம். சாமானுக்காக வண்டி நின்னப்ப, நம்ம கொட்டாயில, அந்தப் பைப்புல குளவி கூடு கட்டிடுச்சு. நான் கட்டுறப்பவே பாத்தேன். வண்டி யாருதா இருந்தா என்ன? கட்டினது நம்ம எடத்துல. நம்ம கூரைக்குக் கீழ. எப்படி புள்ள கை வைக்கிறது?"

பிஸ்கட் டின்னைக் கீழே வைத்தேன்.

"அதான் ஒழுகுதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் கார்க்கு மாத்திக்கிட்டிருந்தேன். அந்தப் பொண்ணு பாவம், நடையா நடந்துச்சு. ஆ லியோங்கிட்டயும் பொய் சொன்னேன். குஞ்சு பறக்கிற வரைக்கும் தள்ளுவம்னு பாத்தேன். கோயில்லயும் அதான் வேண்டிக்கிட்டேன். இப்ப பாரு. கூடே இல்ல. சுத்தமா காலி. பொரிச்சு, ஒடச்சுக்கிட்டுப் பறந்துருச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மூக்கெல்லாம் எண்ணெய். எஞ்சினைப் பற்றிப் பேசாமல் இவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"ஆமா" என்றேன். "பறந்துருச்சு போல."

போய் மெஷினில் உட்கார்ந்தேன்.


ஆகஸ்ட் 24, சனி

தூக்கம் இல்லை. கண் எரிச்சல். கொடி ஆறு பாக்கி.

இவர் விடிந்ததும் சைக்கிளில் செங்குக்குப் போய்விட்டு வந்தார். அக்காவிடம் சொல்லிவிட்டாராம். "அந்தப் பொண்ணு பேச்ச இனிமே எடுக்காதன்னு சொல்லிட்டேன். குளவியே சொல்லியாச்சு, அப்புறம் என்ன?" அண்ணிக்கும் சந்தோஷமாம். வரும்போது எனக்குப் பூ, கடலை மிட்டாய். பச்சை மாங்காய்கூட இரண்டு வாங்கி வந்திருக்கிறார். இப்போதே!

மாங்காயைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தலையைத் தடவினார். சீரகம் போல் சுருண்டு கிடந்ததை இவரிடம் எப்படிச் சொல்வேன்? குத்தியதையாவது ஒரு நாள் சொல்லலாம். உள்ளே இருந்ததைச் சொல்ல முடியாது.

தீபாவளிக்கு அண்ணி வந்து மறுபடி என் வயிற்றைப் பார்ப்பார். இந்தத் தடவை இவரும் பார்ப்பார்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறேன். நூல்கண்டு வாங்கப் போவதாக இவரிடம் சொல்லிக்கொள்ளலாம். நீலச் சேலை கட்டலாம், அதில் கறை இல்லை. முதலில் சுகமா என்று கேட்பாள். அப்புறம் படுக்கச் சொல்வாள். எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும், அவளிடமே. இந்த ஊரில் வேறு லேடி டாக்டர் கிடையாது. இருந்தால் அவளிடம் போயிருப்பேன்.